மாஸ்டரின் வலது கைக் கையெழுத்து

ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரத்தைப் பத்தொன்பது வருடம் ஓட்டியவர் அவர். அங்கே எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார்கள். பிசைந்த மாவில் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்த்து, "இன்னும் நாலு நிமிஷம்" என்பார். ஆரம்பத்தில் கடிகாரத்தைப் பார்த்தவர்கள்கூடப் போகப்போக அவர் விரலைத்தான் நம்பினார்கள். காது மடலிலும் புருவத்திலும் மாவோடு வீடு திரும்புவார். "எங்க அப்பாவுக்குச் சாயங்காலம் மட்டும் நரைச்சுடும்" என்று மகள் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

ஐம்பத்தோராவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த இயந்திரம் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது. பாதுகாப்பு மூடி உடைந்து இரண்டு வாரமாகக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். முழங்கை நொறுங்கியது. நரம்புகள் அறுந்தன. இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கை நிலைத்தது. ஆனால் முழங்கைக்குக் கீழே சூடு தெரியாது, குளிர் தெரியாது, விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. பார்ப்பதற்கு மட்டும் கை முழுசாக இருந்தது. பின்னால் வந்த வம்புக்கெல்லாம் அதுதான் காரணம்.

தொழிற்சாலை ஆஸ்பத்திரிச் செலவையும் ஆறு மாதச் சம்பளத்தையும் கொடுத்துக் கும்பிடு போட்டுவிட்டது. வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கு அரசாங்கம் தரும் இயலாமை ஓய்வூதியத்துக்கு மாஸ்டர் விண்ணப்பித்தார். நான்கு மாதம் கழித்து ஒரு தாள் வந்தது. 'இலகுவான வேலைகள் செய்யத் தகுதியுள்ளவர்' என்று அதில் எழுதியிருந்தது.

"இலகுவான வேலைன்னா என்னங்க?" என்று மனைவி கேட்டாள்.

"சட்டைக்குப் பட்டன் போடுறதா இருக்கும்" என்றார் மாஸ்டர். அந்தச் சட்டைக்கும் அவள்தான் காலையில் பட்டன் போட்டுவிட்டிருந்தாள்.

அவள் ஒரு துணி ஆல்ட்டரேஷன் கடையில் வேலை பார்த்தாள். கறுப்புக் கோட்டின் கிழிந்த உள்துணியைத் தைக்கக் கொண்டுவந்த ஒரு பெண் வக்கீலிடம் அவளே பேச்சுக் கொடுத்து, விஷயத்தைச் சொல்லி, மறுநாளே கணவனை அழைத்துக்கொண்டு போனாள்.

செருப்புக் கடைக்கு மேலே ஒற்றை அறை. மாடிப்படி முழுக்கப் பசை நாற்றம். நாற்காலிகளில் எல்லாம் ஃபைல்கள் உட்கார்ந்திருந்தன. மெலிந்த குமாஸ்தா ஒருவர் அவற்றைத் தூக்கித் தரையில் வைத்த பிறகுதான் வந்தவர்களால் உட்கார முடிந்தது. வக்கீலம்மா மாஸ்டரின் காகிதங்களை முதலிலிருந்து கடைசிவரை அவர் எதிரிலேயே படித்தார். இரண்டு முறை போன் அடித்தது, எடுக்கவில்லை. படித்து முடித்ததும் எழுந்து வந்து அவருடைய வலது கையைத் தன் உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார்.

"இந்த ஓய்வூதிய ஆபீஸ்ல யாராவது இப்படித் தொட்டுப் பாத்தாங்களா மாஸ்டர்?"

"இல்லைங்க மேடம். ஜன்னல் வழியாத்தான் பாத்தாங்க."

"அதான பாத்தேன்."

ஒப்பந்தத்தை அவரே வாய்விட்டு வாசித்துக் காட்டினார். தோற்றால் ஒன்றும் வேண்டாம். ஜெயித்தால், அதுவரை சேர்ந்திருக்கும் நிலுவைத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு அவருடைய கட்டணம். மாஸ்டர் இடது கையால் கையெழுத்துப் போட்டார். அதற்கு இரண்டு நிமிடம் ஆனது. மைக்குள் விழுந்த எறும்பு தாளில் ஏறி நடந்தது போல இருந்தது அந்தக் கையெழுத்து.

முதல் விசாரணையில் தோற்றார்கள். 'இடது கையால் செய்யக்கூடிய வேலைகளும் உண்டு' என்று உத்தரவு வந்தது. அன்றைக்குப் படுத்த மாஸ்டர் மூன்று வாரம் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். சாப்பாட்டுத் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. யாராவது வழக்கைப் பற்றி வாயெடுத்தால், "ஃபைலைத் தூக்கிக் குப்பையில போடுங்க. என்னை இனி எந்த ஆபீஸ் வாசல்லயும் கொண்டுபோய் நிறுத்தாதீங்க" என்று கத்தினார்.

ஆனாலும் வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. எப்படிப் போனது என்று அவர் கேட்கவில்லை. ஏழு மாதம் கழித்துத் தீர்ப்பாயத்துக்கு வரச் சொன்னார்கள், மனைவி சட்டை மாட்டிவிட்டாள், போனார். வக்கீலம்மா நீதிபதி முன்னால் அவர் வலது கையில் ஒரு பேனாவைக் கொடுத்து, "உங்க பேரை எழுதுங்க மாஸ்டர்" என்றார். பேனா விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை அது மேஜைக்கு அடியில் உருண்டு ஓடியது. மாஸ்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் முன்னால் இப்படி நிற்க வைத்துவிட்டாரே என்று வக்கீலம்மா மேல் கோபமாகவும் இருந்தது. அந்தக் கோபம் அடங்குவதற்குள் அவர் ஜெயித்துவிட்டார்.

விபத்து நடந்த மாதத்திலிருந்து கணக்குப் போட்டு நிலுவைத் தொகை வக்கீலம்மாவின் கணக்குக்கு வந்தது. அங்கிருந்து ஒரு காசோலையும் ஒரு தாளும் மாஸ்டர் வீட்டுக்கு வந்தன. அவர் சமையலறையில் உட்கார்ந்து, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். ஐந்தில் ஒரு பங்கு இல்லை, மூன்றில் ஒரு பங்கு பிடித்திருந்தார்கள். அதற்கு மேல் டாக்டர் அறிக்கைச் செலவு, நகல் செலவு. கைக்கு வந்தது, கொடுக்க வேண்டிய வாடகை பாக்கிக்கும் கைமாற்றுக்கும் சரியாகப் போய்விடும். அவ்வளவுதான்.

"ஏதோ கூட்டல் கழித்தல்ல தப்பு வந்திருக்கும். போய்க் கேளுங்க" என்றாள் மனைவி.

வக்கீலம்மா அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க மாஸ்டர், இனிமே நிம்மதியாத் தூங்குங்க" என்றார். மாஸ்டர் தாளை நீட்டித் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் அந்த மலர்ச்சி மெல்லப் போனது.

"அது முதல் ஒப்பந்தம். மேல்முறையீட்டுக்குத் தனியா ஒண்ணு போட்டோமே. மூணுல ஒரு பங்குன்னு நீங்களும் ஒத்துக்கிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"நானா மேடம்?"

குமாஸ்தா ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவிக்கொண்டு வந்து வைத்தார். வைத்த கையோடு திரும்பி வேறு ஃபைல்களை அடுக்கத் தொடங்கினார். தாளின் கீழே மாஸ்டருடைய கையெழுத்து இருந்தது. விபத்துக்கு முன்னால் அவர் போட்டுவந்த அதே வலது கைக் கையெழுத்து. முதல் எழுத்து சாய்ந்து, கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கி, திரும்பி வந்து பெயருக்கு அடியில் கோடாக ஓடியது. தன் பழைய கையையே மறுபடி பார்த்தது போல அவருக்கு இருந்தது.

"ஒரு நகல் கொடுங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

செருப்புக் கடை வாசலில் வெகுநேரம் நின்றார். உலகத்தில் அந்த வாலைப் போடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஏழாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்ட மகள், மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு போய் மாட்டிக்கொண்டாள். டீச்சர் கூப்பிட்டுக் காட்டியபோது மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து, "வால் இன்னும் கொஞ்சம் நீளம் பாப்பா" என்று போட்டுக்காட்டியதும் அவர்தான்.

மகள் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்பக்கம் காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவளைப் பிடித்தார். நகலை நீட்டினார். அவள் ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"ஆமாப்பா. நான்தான்."

"என்ன பாப்பா இது?"

"மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் அன்னிக்கு. நாலு மணிக்குள்ள தாக்கல் பண்ணணும்னு குமாஸ்தா இங்கயே வந்து நின்னார். உங்க கையெழுத்து இல்லாம நகராதுன்னார். உங்ககிட்ட கொண்டுவந்தா கிழிச்சுப் போட்டிருப்பீங்க. சொல்லுங்க, போட்டிருப்பீங்களா இல்லையா?"

மாஸ்டர் கிழித்துத்தான் போட்டிருப்பார்.

"எவ்வளவுன்னு படிச்சியா?"

"படிச்சேன். மூணுல ஒண்ணு. கையெழுத்துப் போடலைன்னா ஒண்ணுமே இல்லை. நின்னு யோசிக்க எனக்கு நேரமில்லை."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"தினமும் சொல்லணும்னுதான் வருவேன். நீங்க அன்னிக்குத்தான் கொஞ்சம் சாப்பிட்டிருப்பீங்க. சரி, நாளைக்குச் சொல்லலாம்னு விட்டுடுவேன்." டிபன் பாக்ஸை மூடினாள். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. "நான் பண்ணினது தப்புன்னு எனக்கு இன்னும் தோணலைப்பா. அதுதான் பயமா இருக்கு."

வீட்டில் மனைவி கொதித்தாள். மகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபமெல்லாம் வக்கீலம்மா மேல் திரும்பியது. "கை விளங்காத மனுஷன் இப்படி முத்து முத்தாக் கையெழுத்துப் போட்டிருக்காரேன்னு அந்த அம்மாவுக்குத் தோண வேணாமா? படிச்சவங்கதானே? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" வக்கீல் சங்கத்தில் கட்டணப் புகார்களை விசாரிக்க ஒரு குழு இருக்கிறதென்று யாரோ சொல்ல, மறுநாளே போய் விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்துவிட்டாள்.

மாஸ்டர் அதைப் படித்தார். எல்லா ஒப்பந்தங்களின் நகலையும் இணைக்க வேண்டும். தேவைப்பட்டால் வழக்கை நடத்திய தீர்ப்பாயத்துக்கும் ஒரு பிரதி அனுப்பப்படும். அந்த வரியில் விரல் நின்றுவிட்டது. விபத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் கழிந்த தேதியில், அட்சரம் பிசகாமல் வலது கைக் கையெழுத்து. ஓய்வூதிய அலுவலகத்தின் கண்ணில் இது பட்டால் என்ன சொல்வார்கள்? பேனா விழுந்ததெல்லாம் நாடகம் என்பார்கள். நான் போடவில்லை என்று இவர் சொன்னால், அப்படியானால் யார் போட்டது என்று கேட்பார்கள்.

படிவம் நான்கு நாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. அந்த நான்கு நாளும் வீட்டில் பாத்திரச் சத்தம்தான் கேட்டது. மாஸ்டரின் மனம் ஒரு பக்கமாக நிற்க மறுத்தது. அந்த அம்மா இல்லாவிட்டால் இந்தப் பணமே இல்லை. டாக்டருக்குத் தன் கையிலிருந்து கொடுத்தவர், கோடை மழை என்று பார்க்காமல் அலைந்தவர். அவரைப் போய்ப் புகார் சொல்வதா? உடனே இன்னொரு நினைப்பு வரும். வாசித்துக் காட்டி வாங்கிய முதல் கையெழுத்துக்கு என்ன மரியாதை? ஊர்க்காசா அது? தன் கையை இயந்திரம் தின்றதற்கு வந்த காசு.

ஐந்தாம் நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனார்.

வக்கீலம்மா தனியாக இல்லை, குமாஸ்தா இருந்தார். "அவரும் இருக்கட்டும்" என்றார் மாஸ்டர். உட்காரவில்லை.

"தீர்ப்பாயத்துல என் கையில பேனாவைக் கொடுத்தீங்களே மேடம், எத்தனை தடவை விழுந்துச்சு?"

"மூணு தடவை. எதுக்குக் கேக்கறீங்க?"

"அதுக்கு ஏழு மாசம் முன்னாடி நான் இவ்வளவு அழகா எழுதியிருக்கேன். பாருங்க."

நகலை மேஜையில் வைத்தார். வக்கீலம்மா அதைப் பார்த்தார். பிறகு ஃபைலைத் திறந்து முதல் ஒப்பந்தத்தில் இருந்த எறும்புக் கையெழுத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதை நேர்ல பாத்து வாங்கினீங்களா?" என்று குமாஸ்தாவிடம் கேட்டார்.

"மேடம், அன்னிக்கு மணி மூணே காலு... வீட்டுக்குப் போய் வர நேரமில்லை..."

"வெளியில இருங்க."

கதவு சாத்தியதும் வக்கீலம்மா கேட்டார். "யார் போட்டது மாஸ்டர்?"

"நான் போடலை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவர் மாஸ்டரின் முகத்தையே பார்த்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். மேற்கொண்டு கேட்கவில்லை.

"எனக்குத் தெரியாது. நம்புவீங்களா?"

"ஒரு தடவை பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும் மேடம். என் கை எப்படின்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

"பாக்கலை. கொண்டுவந்து வச்சாங்க, ஃபைல்ல போட்டுட்டேன். என் தப்புதான்." ஃபைலை மூடி ஓரமாக வைத்தார். மறுபடி பேசியபோது குரல் வேறாக இருந்தது. "ஆனா ஒண்ணு சொல்றேன். இந்தப் பேப்பர் வெளியில போனா நான் தொழில் பண்ண முடியாது. உங்க ஓய்வூதியத்தைத் திரும்ப விசாரிப்பாங்க. உங்க வீட்ல ஒருத்தர் மேல போலீஸ் கேஸும் வரலாம்."

"மிரட்டுறீங்களா மேடம்?"

"இல்லை. இருக்கிறதைச் சொல்றேன்."

மாஸ்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நாற்காலியில் இருந்த ஃபைல்களை இடது கையால் ஒவ்வொன்றாகத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். வக்கீலம்மா உதவிக்கு எழுந்தார், பாதியில் நின்றுவிட்டார்.

"தோத்திருந்தா எனக்கு ஒரு காசு வந்திருக்காது" என்றார் வக்கீலம்மா. "ஒரு வருஷத்துக்கு மேல உங்க கேஸுக்காக ஓடியிருக்கேன். டாக்டர் சாட்சிக்கு நான் கடன் வாங்கிக் கொடுத்தேன். மேல்முறையீடு முதல் ஒப்பந்தத்துல இல்லை. அதுக்கு நான் கேட்டது அநியாயமா?"

"நான் நன்றி கெட்டவன் இல்லை மேடம். நீங்க கேட்டது நியாயமாக்கூட இருக்கலாம். ஆனா எங்கிட்ட கேக்கலையே. முதல் பேப்பரை எனக்கு வாசிச்சுக் காட்டினீங்க. ரெண்டாவதை ஏன் வாசிக்கலை?"

"நீங்க அப்ப பேசற நிலைமையில இல்லைன்னு சொன்னாங்க."

"வந்து பாத்திருக்கலாம்."

கீழே கடைக்காரர் ஏதோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். அது நிற்கும்வரை இருவரும் காத்திருந்தது போல இருந்தது.

பேரம் என்று சொல்ல முடியாதபடி ஒரு பேரம் நடந்தது. மாஸ்டர் ஐந்தில் ஒன்று என்றுதான் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். கடன் வாங்கிக் கொடுத்தேன் என்ற சொல் அவரை என்னவோ செய்தது. "நாலுல ஒரு பங்கு வச்சுக்குங்க. பில் இருக்கிற செலவைத் தனியா எடுத்துக்குங்க. மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்று அவர் வாயாலேயே சொன்னார். வக்கீலம்மா ஒரே தடவையில் முடியாது, இரண்டு தவணை வேண்டும் என்றார். புதிதாக ஒரு தாளில் எழுதி, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். மாஸ்டர் இடது கையால் ஒப்பமிட்டார். எழுந்து கதவுவரை போனவர் திரும்பினார்.

"அந்தப் பேப்பர்?"

"நான் பாத்துக்கறேன்" என்றார் வக்கீலம்மா.

மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். ஜெயித்தவர் போலவும் இல்லை, தோற்றவர் போலவும் இல்லை. பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார்.

நான்கில் ஒன்று என்று கேட்டதும் மனைவிக்கு ஆத்திரம். "கர்ணப் பிரபு! வாங்கப் போன இடத்துல வாரிக் கொடுத்துட்டு வந்திருக்காரு" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் படிவத்தை எடுத்து அடுப்பில் காட்டினாள். மகளுக்கு வேறு வருத்தம். தன்னைக் கூட அழைத்துப் போகாமல், தன் தலைக்கு மேல் ஒரு பேரம் பேசி முடித்துவிட்டு வந்ததாக அவள் நினைத்தாள். "நான் போட்டேன்னு நானே போய்ச் சொல்லியிருப்பேன்" என்றாள். அதற்குத்தான் அழைத்துப் போகவில்லை என்று மாஸ்டர் சொல்லவில்லை. இருவரும் பழையபடி பேசிக்கொள்ளப் பல வாரம் ஆயிற்று. ஒரு நாள் காலை அவர் சட்டைப் பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் நின்று போட்டுவிட்டாள். "வால் நீளமாப் போட்டிருந்தியே" என்றார். அவள் சிரிக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவருக்குப் பிடித்த மெத்தென்ற ரொட்டி ஒன்று வாங்கி வந்தாள். அவர் அதை இடது கை விரலால் அழுத்திப் பார்த்து, "அவசரப்பட்டு எடுத்துட்டான்" என்றார்.

இரண்டு தவணையும் வந்தன. இரண்டாவது ஒரு மாதம் தாமதமாக வந்தது, மாஸ்டர் போன் செய்து கேட்கவில்லை. குமாஸ்தாவை வக்கீலம்மா வேலையை விட்டு அனுப்பிவிட்டார் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வருடம் ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து மறுபரிசோதனைக் கடிதம் வந்தது. வக்கீலம்மாவிடம் போக மாஸ்டருக்குக் கால் வரவில்லை. மகளோடு நேராக அலுவலகத்துக்கே போனார். வாசலில் மடக்கு மேஜை போட்டுப் படிவம் பூர்த்தி செய்து கொடுப்பவர்களில் ஒருவராகப் பழைய குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். இன்னும் மெலிந்திருந்தார். மகள் திரும்பிப் போய்விடலாம் என்பதுபோல அப்பாவின் முழங்கையைத் தொட்டாள். ஆனால் குமாஸ்தா பார்த்துவிட்டார்.

"உக்காருங்க மாஸ்டர்" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

படிவத்தை அவர்தான் எழுதினார். தேதி, எண், ஆஸ்பத்திரி எல்லாம் கேட்காமலே அவருக்கு நினைவிருந்தது. பணத்தை நீட்டியபோது வாங்கிக்கொண்டார். மாஸ்டருக்கு அது ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. கிளம்பும்போது குமாஸ்தா குரலைத் தாழ்த்தி, மகளைப் பார்க்காமல் கேட்டார்.

"மேடம் அந்தப் பேப்பரைக் கிழிச்சுட்டாங்களா?"

"தெரியலைப்பா. உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"நான் அங்கேருந்து வர்ற வரைக்கும் பீரோவுலதான் இருந்துச்சு."

உள்ளே டாக்டர் விரல் நுனிகளில் ஊசியால் குத்தினார். மாஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், எத்தனை முறை குத்தினார் என்று சொல்லத் தெரியவில்லை. ஓய்வூதியம் தொடரும் என்று மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. அதற்குப் பிறகும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இப்படிக் கூப்பிடுவார்கள். கடிதம் வந்து பதில் வரும்வரை, பீரோவில் இருந்த அந்தப் பேப்பரை நினைத்து அவருக்குச் சாப்பாடு இறங்காது. மனைவி தட்டை எடுத்துவிட்டுப் பாலாவது குடிக்கச் சொல்வாள். மகள் அந்த நாட்களில் மருந்துக் கடையிலிருந்து மதியம் இரண்டு தடவை போன் செய்து, "தபால் ஏதாவது வந்துச்சாப்பா?" என்று கேட்பாள்.